மின்சாரம் திரும்பி வந்தால்

நீளமும் அகலமும் ஒரு சாணுக்குள் அடங்குகிறது.
ஃபேனுக்கு இரண்டு முனைகள்; அதிலொன்று
ஹீட்சிங்கின் அடியில் ஒளிந்திருக்கிறது.
என் சுண்டுவிரலே எட்டவில்லை,
யாருடைய கையை நினைத்து வரைந்தார்களோ.

சும்மா இருப்பதற்கு ஒன்பது வாட்.
நான் சும்மா இருக்க எவ்வளவு ஆகுமென்று
அளந்து பார்த்ததில்லை.

பயாஸுக்குள் போகிறேன்.
ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் ஓர் உதவிக்குறிப்பு:
இதை இயக்கினால் இது இயங்கும்.
இதை நிறுத்தினால் இது நிற்கும்.
எழுதியவருக்குப் பசி நேரமாக இருந்திருக்கலாம்.
கோபமில்லை. நானும் இப்படிப்
பதில் சொல்லியிருக்கிறேன், வீட்டில்.

உல்ப்பு கேட்டது ஒன்றே ஒன்று.
ஹைலுவோட்டோவுக்கு அப்பால் ஒரு பாறைத்திட்டு,
அதில் ஒரு மரப்பெட்டி அறை,
பனிக்கடியில் சீல்கள் பேசுவதைப் பதிவு செய்ய.
நவம்பரில் கதவைச் சாத்தினால்
ஏப்ரலில்தான் மனிதக் கை.
"நடுவுல கரண்ட் போகும், வரும்.
வந்ததும் தானா எந்திரிக்குமா?
அதை மட்டும் பாத்துச் சொல்லு."

ஐந்தாம் பக்கம், உள்ளே, அதற்கும் உள்ளே:
மின்சாரம் போய்த் திரும்பினால்
அணைந்தே இரு.
எழுந்துகொள்.
கடைசியில் எப்படி இருந்தாயோ அப்படி.

மூன்றாவதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்திருந்தேன்.
பிறகு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன்.
பிளக்கைப் பிடுங்கு, பத்து எண்ணு, சொருகு.
இருபது முறை விழுந்தது,
இருபது முறையும் எழுந்தது.

இரவு அட்டைப்பெட்டியில் போட்டு
பால்கனியில் வைத்தேன். ஔலுவில் ஜனவரி,
சுழியத்துக்குக் கீழே இருபத்தாறு.
அடுத்த பால்கனியில் புகைத்துக்கொண்டிருந்த ராய்மோ
"மீனா?" என்றார்.
"கம்ப்யூட்டர்."
"ஓ" என்று தலையசைத்து உள்ளே போனார்,
மீன் என்று சொல்லியிருந்தாலும்
அதே தலையசைப்புதான் கிடைத்திருக்கும்.

காலையில் அங்கேயே மின்சாரம் கொடுத்தேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
பொத்தானை அழுத்தியபின் விழித்தது,
ஏழு வருடத்துக்கு முந்தைய
ஜனவரி முதல் தேதிக்குள்.
காசளவு பேட்டரி குளிரில் சோர்ந்துபோக
நான் சொன்னதெல்லாம் அதோடு போயிருந்தது.
தொழிற்சாலை சொன்னது மட்டும் மிச்சம்:
அணைந்தே இரு.

கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கம்,
படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி.
போர்டின் ஓரத்தில் மூன்று ஊசிகள்,
நகத்துண்டு அளவில் ஒரு ஜம்ப்பர்.
இடப்பக்கம் மாற்றி மாட்டினால்
பயாஸை யாரும் கேட்பதில்லை.
மின்சாரம் வந்தால் எழுவது, அவ்வளவுதான்.

இரண்டாம் இரவு. இருபத்தெட்டு.
காலையில் சொருகியதும் பச்சை விளக்கு.
தேதி இன்னும் ஏழு வருடம் பின்னால்.
உல்ப்புவிடம் சொன்னேன், கொஞ்சம் தயங்கி.
"தேதி தப்புன்னா கூட்டிக் கழிச்சுக்கலாம்.
சத்தமே இல்லேன்னா எதைக் கூட்டுறது?"

அறிக்கையில் எழுதியது:
வாங்கலாம்.
ஜம்ப்பர் இடப்பக்கம்.
பேட்டரியைக் குளிர் தாங்கும் வகையாக மாற்றவும்.
உதவிக்குறிப்புகளைப் படிக்க வேண்டாம்.
திட்டுக்குப் போகும் படகில்
மெல்லிய விரலுள்ள ஒருவரை
ஃபேனுக்காக அழைத்துச் செல்லவும்.