இரண்டாம் பூச்சு

கானாடுகாத்தான். பட்டாலையின் மேற்குச் சுவர்.
மூன்று நாளாய்ச் சுரண்டுகிறேன்,
இன்னும் ஒரு முழம் தேறவில்லை.
மானேஜர் வைரவனுக்குப் பொறுமை இல்லை.
மார்கழிக்குள் ஓட்டல் திறந்தாக வேண்டும்.
பச்சை டிஸ்டெம்பருக்குக் கீழே சுண்ணாம்பு,
சுண்ணாம்புக்குக் கீழே ராமர் பட்டாபிஷேகம்,
அதைப் பார்க்க ஆன்ட்வெர்ப்பிலிருந்து
ஆள் வருகிறார்களாம்.

அந்த ஊரில் ஒரு ஆகஸ்டு ராத்திரி
ஏணியும் சம்மட்டியுமாய்க் கோயிலுக்குள் புகுந்து
புனிதர்களின் மூக்கை உடைத்தார்கள்.
வேறு ஊர்களில் நிதானமாகக்
கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளையடித்தார்கள்.
"வர்றவங்க முப்பாட்டன்களும் நம்ம தொழில்தான் சார்" என்றேன்.
"பெயிண்டிங் கான்ட்ராக்டா?" என்றார்.

கடவுளை வரைய யாரும் கூப்பிடாத ஊரில்
ஓவியனுக்கும் பசிக்கும்.
ரொட்டியை வரைந்தான்.
பாதி உரித்த எலுமிச்சையை,
செதில் ஒட்டிய மீன்காரியின் முழங்கையை.
மாதாவின் நெற்றிக்கென்றே வைத்திருந்த வெளிச்சம்
வெங்காயத்தின் மேல் விழுந்தது.
வெங்காயம் கூசவில்லை.

அதற்கும் முந்தைய ஓவியர்கள் அங்கே
மஞ்சள் கருவில் நிறம் குழைத்தார்கள்.
வெள்ளைக் கரு இங்கே சுவருக்குப் போனது.
இந்தச் சுவரைத் தொட்டால்
இன்னும் குளிர்கிறது.

வீட்டுக்காரர் சோலையப்பன்
ரங்கூனிலிருந்து வட்டிக் கணக்கோடு
வேறு சில புத்தகங்களும் கொண்டுவந்தவர்.
முப்பத்தொன்றில் ஐயர் இல்லாமல் கல்யாணம்.
மறுவாரம் ராமருக்கு வெள்ளை.
அவருடைய ஆத்தா மூன்று நாள் பட்டினி கிடந்தார்,
நான்காம் நாள் சாப்பிட்டார்.
வீட்டுக் காகிதங்களில் இவ்வளவுதான் கிடைத்தது.

இன்று காலை பச்சை உரிந்த இடத்தில்
வெறும் சுண்ணாம்புதான் வரவேண்டும்.
வந்தது ஒரு பெருவிரல்.
நகம் உடைந்து, ஓரம் அரித்த பெருவிரல்.
பிறகு கெண்டைக்கால். ஏற்றிச் செருகிய கண்டாங்கி.
சும்மாட்டின் மேல் கூடை.
இடது கண் வலதைவிடச் சிறியது.
ஒருத்தியை எதிரே நிறுத்திப் பார்த்து வரைந்தாலன்றிக்
கண் இப்படிச் சிறுக்காது.

பேரேட்டைப் புரட்டினேன். ஐப்பசி பதினொன்று:
சுண்ணாம்பு நாலு மூட்டை.
முட்டை இருநூறு. கடுக்காய்.
சித்தாள் இருளாயி, சுமந்ததற்கு, மூன்றணா.
மேற்படி இருளாயி, சும்மா நின்றதற்கு, மூன்றணா.

சும்மா நின்றதற்கு.
பரீட்சைக்காக நான் உருப்போட்ட ஐரோப்பாவில்
இந்த வரி இல்லை.

எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள்
என்பது பேரேட்டில் இல்லை.
அங்கேயும் அப்படித்தான்.
விடுதலை என்ற சொல்லை
உழவர்கள் தங்களுக்கும் சேர்த்துப் படித்தபோது
எழுதிக் கொடுத்தவரே
அவர்களை வெட்டச் சொல்லி எழுதினார்.

வைரவன் வெகுநேரம் பார்த்தார்.
"இவளை எடுத்தா ராமர் வருவாரா?"
"வருவார்."
"இவ?"
"பஞ்சில் வருவாள். குப்பைக்கூடைக்குப் போவாள்."
போனில் ஒரு படம் எடுத்தார்.
முகத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.
"முதலாளிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று
டீ சொல்லப் போனார்.

பெருவிரலுக்கு அடியில் சுண்ணாம்பு பெயர்ந்த ஓட்டையில்
கடுகளவு தங்கம்.
கிரீடமாக இருக்கலாம். சிம்மாசனத்தின் காலாகவும் இருக்கலாம்.
ஊசியால் பசை இறக்கினேன்,
விரலும் தங்கமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ள.

அறிக்கையில் 'ஓவியத்தின் பொருள்' என்றொரு கட்டம்.
ஆபீசில் தட்டச்சடித்தே அனுப்பியிருந்தார்கள்,
ராமர் பட்டாபிஷேகம் என்று.
அதை அடிக்காமல்
மேலே இருந்த இடுக்கில் எழுதினேன்:
இருளாயி, சும்மா நிற்கிறாள்.