மழைக்குழாய்

புரானோவில் இறங்கியதும்
எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள்.
நானும்தான்.
கத்தரிப்பூ, கிளிப்பச்சை, பழுத்த மிளகாய்,
மயில்கழுத்து என்று
வாய்க்கால் ஓரம் வீடுகள்,
பந்திக்குக் காத்திருக்கும் கல்யாணக் கூட்டமாய்
தோளோடு தோள்.

நான் பெயிண்ட் விற்பவன்.
வண்ண அட்டையில் எண் பார்த்து நிறம் சொல்லியே
பதினேழு வருடம் போயிற்று.
இங்கே ஒரு எண்ணும் கைகொடுக்கவில்லை.
ஒவ்வொரு சுவரிலும்
உப்புக்காற்று தன் பங்குக்கு
ஏதோ கலந்துவிட்டிருந்தது.

மூன்றாவது பாலம் தாண்டி
ஒரே வீடு, இரண்டு நிறம்.
இடப்பாதி மஞ்சள். வலப்பாதி பச்சை.
நடுவில் கூரையிலிருந்து இறங்கும் மழைக்குழாய்.
அதில் சாய்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.
தோளில் பிசுக்கென்றது.
சட்டையில் விரல் நீளத்துக்கு மஞ்சள்.
குழாயில் நான் சாய்ந்த இடத்தில்
அடியிலிருந்து எட்டிப்பார்த்தது
நேற்றைய பச்சை.

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர்சோலா
வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.
அவளுடைய ஆங்கிலம், என்னுடைய இத்தாலியம்,
சேர்த்தால் இருபது சொல் தேறும்.
மிச்சத்தைக் கைகள் சொல்லின.

அண்ணன் துல்லியோ, தம்பி வெந்துரீனோ.
அப்பா போனபின் வீடு இரண்டாயிற்று.
வாசல் ஆளுக்கொன்று, சன்னல் ஆளுக்கு மூன்று.
குழாய் மட்டும் ஒன்றுதான்.
விடியுமுன் அண்ணன் மஞ்சள் அடிப்பான்.
விளக்கு வைத்ததும் தம்பி பச்சை.
நகராட்சி கேட்காதா?
கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினாள்.
எத்தனை வருடமாய்?
பத்து விரலையும் விரித்தாள்,
யோசித்து ஒன்றை மடக்கினாள்.

என்னையறியாமல் கணக்குப் போட்டேன்:
நாளுக்கு இரண்டு பூச்சு, ஒன்பது வருடம்.
இந்த ஈரத்தில்
அடித்தது காயுமுன் அடுத்தது.
என் கடைக்கு இப்படி
ரெண்டு பேர் வாய்க்கவில்லையே.

அப்போது அவர்கள் படகு வந்தது.
ஆமாம், ஒரே படகு.
அண்ணன் கயிற்றை எறிந்தான், தம்பி பார்க்காமலே பிடித்தான்.
நண்டுக் கூடையை
ஆளுக்கொரு காதாய்ப் பிடித்துக் கரையேற்றினார்கள்.
பேச்சே இல்லை.

என் தோளைப் பார்த்ததும்
துல்லியோவின் மீசைக்குள் ஏதோ அசைந்தது.
வெந்துரீனோ உள்ளே போய்
டர்பன்டைன் நனைத்த துணியோடு வந்தான்.
விரோதியைத் துடைப்பதுபோல் துடைத்தான்.
சட்டை சுருங்கிச் சுருங்கிப் போக,
சற்று நேரம் பொறுத்துப் பார்த்த அண்ணன்
கிட்டே வந்து
கையின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.
தம்பி தேய்த்தான்.
இருவர் மூச்சிலும் மீன்வாடை.
நடுவில் நான்,
குழாய்போல அசையாமல்.

பாதிதான் போயிற்று.
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி
வானத்தைப் பார்த்தான், இருட்டக் கொஞ்சம் இருந்தது.
பச்சை டப்பாவின் மூடியை
ஸ்பூன் காம்பால் நெம்பத் தொடங்கினான்.

திரும்பும் படகில்
பக்கத்துச் சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்து
ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தாள்.
எனக்கென்னவோ
காலையில் கடை திறந்ததுபோல் இருந்தது.