ஏறவில்லை சார்

தலைக்குந்தாவில் மூன்று நாளாய் உறைபனி.
புல்வெளியில் யாரோ சோப்புத்தூள் மூட்டையைக்
கிழித்துவிட்டுப் போனதுபோல.
நம்பி சார் பஹ்ரைனிலிருந்து கேட்கிறார்:
கேமரா ஏன் செத்துக் கிடக்கிறது, புஷ்பகாந்தி?
கழற்றி வைத்தாயா?

கழற்றினேன் சார்.
நீங்கள்தானே சொன்னீர்கள்,
ராத்திரி கழற்று, கார் ஷெட்டில் சொருகு,
விடிவதற்குள் மாட்டிவிடு என்று.
ராத்திரி வருவது காட்டெருமை,
அது எதையும் தூக்கிக்கொண்டு போகாது,
பகலில்தான் ஆள் நடமாட்டம் என்றீர்கள்.
பகலில் இங்கே நடமாடும் ஆள்
நான்தான்.

சொருகினேன்.
சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுங்கி அணைந்தது.
வயரை மாற்றினேன்,
கழுத்தில் பிளாஸ்திரி சுற்றிய தாரிகாவின் போன் வயர்.
அதற்கும் இரண்டே மினுக்கு.
பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று
இஸ்திரிப்பெட்டியைச் சொருகித் தொட்டுப் பார்த்தேன்.
வருகிறது. விரலில் அடையாளம் இருக்கிறது.
ஓட்டைக்குள் ஈரம் இருக்கலாம் என்று
தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தேன்,
பச்சையாய் ஒரு பொட்டு வந்தது,
களிம்போ பாசியோ.
பொத்தானைப் பதினைந்து எண்ணும்வரை அமுக்கச் சொன்னீர்கள்.
முப்பது எண்ணினேன்.
சந்தேகம் வேண்டாமென்று இன்னொரு முப்பது.

பிறகு பஸ் ஏறினேன்.
டிக்கெட் எனக்கு மட்டும்; அது துண்டில் சுற்றி மடியில்.
சேரிங்கிராஸில் ஜாஃபர் கடை,
ஒரு ஆள் நிற்கும் அகலம், தலைக்குமேல் குண்டு பல்பு,
பக்கத்துக் கடையின் வடைச் சட்டிச் சூடு சுவர் வழியே வரும்.
ஜாஃபர் ஒரு வயரைச் சொருகிவிட்டு டீ குடித்தார்.
டீ முடியவில்லை, பச்சை எரிந்தது.
ஒன்றுமில்லையேக்கா, நல்லாத்தானே இருக்கு, என்றார்.
காசும் வாங்கவில்லை.
வாங்கியிருந்தால் கொஞ்சம் மானமாய் இருந்திருக்கும்.

அன்று ராத்திரி ஷெட்டில் மறுபடி
இரண்டு மினுக்கு.

கடையில் ஏறுகிறது சார், இங்கேதான் ஏறவில்லை என்றேன்.
நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று
எட்டு வருடமாய் இடுப்பில் கிடக்கும் சாவிக்கொத்துக்குத் தெரியும்.

நேற்று பொழுது சாய்ந்ததும்
தாரிகாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன்.
தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால்
ஒரு சொட்டு இறங்கவில்லை. வெள்ளைக் கட்டி.
மார்கழியில் தினமும் இப்படித்தான்,
ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு
பாத்திரம் துலக்கி முடித்தால் இளகியிருக்கும்.
பாட்டில் உள்ளே போகும் வழியில்
என் கை நின்றுவிட்டது.

ஷெட்டுக்கு ஓடினேன், செருப்பில்லாமல்.
தகரக் கூரை, பனிக்கட்டிபோல் அந்த டப்பா.
இதற்கும் குளிர்கிறது சார்.
குளிர்ந்தால் இதுவும் வாய் திறக்காது.

அடுப்போரம் வைக்கவில்லை,
பேட்டரி வெடித்ததை டிவியில் காட்டினார்கள்.
எண்ணெய் இருந்த இடத்திலேயே
ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டேன்,
என் குடிசையின் அலங்கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று
கண்ணாடியை என் பக்கம் திருப்பி.
முக்கால் மணி நேரம். முதலில் உடம்பெல்லாம் சிலிர்த்தது.
பிறகு எது கேமரா எது நான் என்று தெரியாத சூடு.
அங்கிருந்தே வயரை இழுத்துச் சுவரில் சொருகினேன்.
கம்பளி நூல் வழியே ஆரஞ்சு வெளிச்சம்.
மினுங்கவில்லை. நின்று எரிந்தது.
தாரிகா போனைப் பார்த்துக் கத்தினாள்: ஏழு!
ஏழு சதவீதம்.
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

இன்று காலை உங்கள் குரல்.
ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு,
உங்களுக்கு ஒன்பது மணி சொச்சம்,
அசைவு என்று போனில் மணி அடித்ததாம்.
திறந்தால் முழு இருட்டாம்.
ஏதோ பெரிதாய் மூச்சு விடுகிறதாம்,
அதற்கடியில் துக் துக் என்று ஒரு சத்தம்,
நிற்காமல்.
என்ன அது, என்றீர்கள்.

காட்டெருமை சார், என்றேன்.
ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டது.