ஏழாம் மாதிரி

மார்ச்சில் பைக்கால் ஏரி
ஒரு மீட்டர் கனத்தில் கண்ணாடி.
குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தால்
பனிக்கட்டியின் அடிவயிற்றில்
தலைகீழாய் ஒரு மேய்ச்சல் நிலம்.
பழுப்புப் பாசி.
மைனஸ் இருபதில் எனக்கு மூக்கு விறைக்க
அது பாட்டுக்கு வெயில் காய்கிறது.

அதை மேய்வது மணலளவு பூச்சி.
பூச்சியைப் பிடிக்கும் கூனலான ஒன்றுக்கு
இங்கே யூர் என்று பேர்.
யூரைத் தின்பது கலமியான்கா,
செதிலில்லாத மீன்.
பதிவேட்டின் மேல் கிடத்தினால்
வால்பக்கத்தில் கோடுகள் தெரியும்.
உடம்பில் மூன்றிலொரு பங்கு எண்ணெய்.
கரையில் ஒதுங்கி வெயிலில் கிடந்தால்
உருகிப் போய் முள்தான் மிஞ்சும் என்பார்கள்.
வாங்கின இடத்திலேயே
திருப்பிக் கொடுத்துவிடுகிற நாணயம்.

என் வேலை அதற்கு முன்பே
அதை எரித்துவிடுவது.
உலர்த்தி, பொடித்து, வில்லையாக்கி
எஃகுக் குடுவைக்குள் ஆக்சிஜனோடு அடைத்துப்
பொத்தானை அழுத்துவேன்.
சத்தம் ஒன்றும் வராது.
சுற்றியிருக்கும் தண்ணீர்
இரண்டரை டிகிரி ஏறும். எழுதிக்கொள்வேன்.
மூன்று குளிர்காலமாய் இப்படித்தான்
வெயிலை எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன்.

கணக்கு எப்போதும் ஒன்றுதான்:
வாய் மாறும்போதெல்லாம்
பத்தில் ஏறக்குறைய ஒன்பது காணாமல் போகும்.
எங்கே என்று கேட்டால்
லெவ் அர்கதியெவிச் பேனாவால் கூரையைக் காட்டுவார்.
நீந்தியதில், குட்டி போட்டதில்,
சும்மா உயிரோடு இருந்ததில்.
அந்தப் பத்திக்கு 'இழப்பு' என்று தலைப்பு.

எங்கள் புரியாத்து வீடுகளில்
பால்டீயின் முதல் வாயை
அடுப்புக்கும் வானத்துக்கும் தெளித்துவிட்டுத்தான் குடிப்போம்.
அதை யாரும் இழப்பு என்று எழுதி
நான் பார்த்ததில்லை.
ஆனாலும் பத்திக்குத் தலைப்பு வேண்டுமே.

நேற்று ஏழாம் மாதிரியைக் காணோம்.
தட்டில் ஈரம் மட்டும்.
மேசைக்கடியில் பாசர், நிலையத்து நாய்,
என் முகத்தைத் தவிர
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.
மீசையில் எண்ணெய் மினுங்கியது.

திட்டத்தான் குனிந்தேன்.
அந்த நேரம் பார்த்து
மலையிலிருந்து சர்மாக் காற்று இறங்கி
விளக்கு போயிற்று.
வெப்பமானி, தராசு, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன.
கையுறையைக் கழற்றி
பாசரின் கழுத்து மயிருக்குள்
பத்து விரலையும் விட்டேன்.

அடேயப்பா, என்ன சூடு.
எந்த மார்ச்சிலோ
பனிக்கட்டி வழியே இறங்கிய வெளிச்சம்.
எத்தனை வயிறு தாண்டி,
எத்தனை பேருக்கு அளந்துகொடுத்து,
இந்த ஒரு சாண் ரோமத்தடியில்
கடைசிச் சில்லறையாய்.
அதுவும் நிற்கவில்லை. என் விரலுக்கு வந்து,
விரலிலிருந்து அறைக்கு,
அறையிலிருந்து சுவரிடுக்கு வழியே
ஏரிமேல் விரிந்த இருட்டுக்கு.
நாய் பெருமூச்சு விட்டது.
அதிலும் கொஞ்சம் போயிருக்கும்.

மெழுகுவத்தி தேடி ஏற்றிப்
பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி ஏழு, எரிந்துகொண்டிருக்கிறது.

காலையில் வந்து பார்த்தால்
பக்கத்தில் சிவப்பு மையில் லெவ்:
'செசெக்மா, எத்தனை கலோரி?'

மேசைக்கடியில்தான் படுத்திருக்கிறது.
தொட்டுப் பார்க்கட்டும்.