கூரைமேல் பனி

முதல் குளிர்காலத்தில்
கொட்டகைக்குள் மழை பெய்தது.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ரோசோவுக்கு வடக்கே, சாலை கனடாவைப் பார்த்தபடி
ஓய்ந்துபோகும் இடத்தில்
பதினெட்டுக் கம்பம் நட்டுத் தகரம் போர்த்திய
முப்பதுக்கு நாற்பது.
ஏலத்தில் எடுத்தேன்.
முந்தின ஆள் உருளைக்கிழங்கு வைத்திருந்தானாம்.

காலையில் பள்ளிப் பேருந்து, மாலையில் பள்ளிப் பேருந்து,
நடுவில் ஐந்து மணி நேரம் எனக்கு.
புரொப்பேன் பீரங்கியைப் பற்றவைத்தேன்;
விமானம் கிளம்புகிற இரைச்சல்.
ஒரு மணியில் கையுறையைக் கழற்றினேன்.
இரண்டாவது மணியில்
யாருடையதோ ஒரு படகு எஞ்சினைத் திறந்து
பிஸ்டனை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது
பிடரியில் ஒரு சொட்டு.

அண்ணாந்தேன்.
தகரத்தைத் துளைத்து உள்ளே நீட்டிய
ஆயிரத்துச் சொச்சம் திருகாணி முனைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைத் தொப்பி.
என் மூச்சு, பீரங்கியின் மூச்சு, ஈரத்தரையின் மூச்சு
எல்லாம் மேலே போய் உறைந்து உட்கார்ந்திருந்தன.
இப்போது இறங்கி வந்தன,
ரம்பத்தின்மேல், துளைக்கருவியின்மேல்,
கடன் தீராத லேத்தின்மேல்.
மறுநாள் எல்லாமே இஞ்சி நிறம்.

லேத்துக்கு மழைக்கோட்டு போட்ட ஒரே ஆள்
இந்த மாவட்டத்தில் நான்தான் என்று
பால் லாரிக்காரன் ஊரெல்லாம் சொன்னான்.
'வானத்துக்கு ஹீட்டர் போடுகிறாய், மார்லிஸ்,'
என்றார் எதிர்வயல் ஓரின் ஸ்கோக்ஸ்டாட்.
எரிவாயு பில் நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
வானம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

குளிரை அடைக்கும் வேலையை
ஜூலையில்தான் செய்ய முடியும்.
ஜூலையில் ஜனவரியை நம்புவது கடினம்.
தொண்ணூற்றொரு டிகிரி. கொசு.
கண்ணாடிநார்ப் பஞ்சு சட்டைக்குள் புகுந்து
முழங்கை மடிப்பில் குடியேறியது.
உதவிக்கு லவோன் வந்தாள்,
முன்னாள் கணவனின் தங்கை.
விவாகரத்தில் அவனுக்குப் படகு, எனக்கு இவள்.
பிளாஸ்டிக் தாள் பஞ்சுக்கு எந்தப் பக்கம் என்று
மதியம் முழுக்கச் சண்டை.
வெதுவெதுப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்றாள்.
அவள் சொன்னதுதான் சரி.
ஒப்புக்கொள்ள எனக்கு இரவுச் சாப்பாடு வரை ஆனது.

தகர மடிப்புகளில் இரும்புக் கம்பளி திணித்தோம்,
எலிக்கு.
இணைப்புகளில் நாடா ஒட்டினோம்,
மூச்சுக்கு.
கடைசிப் பலகை அறையும் முன்
உள் மரத்தில் லவோன் பென்சிலால் எழுதினாள்:
ஜூலை 19. கொசுக்கள் வென்றன.
அது இப்போது சுவருக்குள் இருக்கிறது.

பீரங்கியை விற்றுவிட்டேன்.
புகையையும் ஈரத்தையும் குழாய்வழி
வெளியே துப்பும் ஒரு சின்னப் பெட்டி,
மூலையில், தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல்
எப்போதாவது ஒரு சத்தம்.
டிசம்பர். குறடு கையைக் கடிக்கவில்லை.
மேசையில் மறந்துபோன காப்பி
காலையில் காப்பியாகவே இருந்தது.

ஜனவரி பத்தோ பதினொன்றோ,
கதவை யாரோ மண்வெட்டியால் இடித்தார்கள்.
ஓரின். புருவமெல்லாம் உறைபனி.
'மூன்று நாளாய்ப் பார்க்கிறேன்,
உன் கூரையில் பனி உருகவே இல்லை.
அடுப்பு மூட்டாமல் உள்ளே
செத்துக்கிடக்கிறாயோ என்று...'

சொல்லி முடிக்குமுன் அவர் கண்ணாடி
முழுக்க வெண்மையாகிவிட்டது.
கழற்றித் துடைத்தார்.
என்னைப் பார்த்தார், அரைக்கைச் சட்டையில்.
உட்கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.
பிறகு திறந்த கதவு வழியே
வயலுக்கு அப்பால் தன் பட்டறையை.

அதன் தகரம் கறுப்பாய், துடைத்துவிட்டதுபோல்.
விளிம்பில் ஆள் உயரத்துக்குப் பனி ஈட்டிகள்,
வெயிலில் வரிசையாய்.
அழகாகத்தான் இருந்தன.

'கதவைச் சாத்துங்கள்,' என்றேன்.
சாத்தினார். தொப்பியைக் கழற்றவில்லை.
கொஞ்ச நேரம் பெட்டியின் செருமலைக் கேட்டார்.

'அந்தப் பஞ்சு,' என்றார்,
'ஒரு கட்டு என்ன விலை?'