எழுபது டிகிரி

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறது:
வசந்தத்தின் முதல் இலை.
ரெலாவ் அடுக்குமாடி, பதினோராம் தளம்;
லிஃப்டும் பழுது.
வசந்தம் எப்படி ஏறி வரும்?

கொதிநீர் ஊற்றாதே, கசந்துவிடும் என்று
ஊர் திரும்புமுன் மொரிதா எழுதித் தந்த சீட்டு
ஃபிரிட்ஜ் கதவில்.
இரவு ஷிப்டு முடிந்து வந்து
கெண்டியை ஆறவிடுகிறேன்.

ஜூனில் பாலிக் பூலாவ் டுரியான் லாரி,
கோப்பைக்குள்ளும் அதே மணம்.
புகைமூட்டத்தில் பாலம் காணாமல் போன வாரம்
பச்சைத் தேநீரில் சாம்பல் ருசி,
எனக்கு மட்டுமோ என்னவோ.
அக்டோபர் மழைக்கு வறுத்த இலை.
"சோறு அடிப்பிடிக்குதா?"
எதிர்வீட்டு செண்பகவல்லி கதவைத் தட்டினாள்.

நீர் ஆறும் அந்த ஐந்து நிமிடம்தான்
இந்தத் தீவில் எனக்கு இலையுதிர்காலம்.
சில நாள் அதற்குள் கண் சொக்கிவிடும்.
விழித்தால்
கெண்டிக்குள் குளிர்காலம்.
அதிலும் ஒரு சிட்டிகை போட்டு வைத்தேன்.

இனிக்கிறது.
சீட்டில் இது இல்லை.