மூன்றாம் மாடி, பதினோராம் மாடி

வீப்கேயின் கோட்டுப் பையில் இரண்டு கடிதங்கள்.
ஒன்றில் ஐயாயிரம் யூரோ கூடுதல்.
மற்றதில் ‘குடும்பம்’ என்ற சொல்
நான்கு இடத்தில்.
வெள்ளி நண்பகலுக்குள் பதில் வேண்டுமாம்.

யாரைக் கேட்டாலும் சம்பளத்தையே சொன்னார்கள்.
அதனால்தான் ஃபிராங்க்ஃபர்ட்டின் இரவு இரண்டு மணிக்கு
இந்தப் பூங்கா பெஞ்சு,
கையில் ஆறிப்போன கெபாப்.

இடப்பக்கக் கோபுரத்தில்
பதினோராம் மாடி முழுக்க வெளிச்சம்.
வலப்பக்கம் இருட்டு:
தூங்கப் போய்விட்டார்களா,
இல்லை, வேலையே இல்லையா?

வெளிச்சத்திலிருந்து ஒருவன் ஜன்னலுக்கு வந்து
கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்தான்.
போன வருஷம் இதே பெஞ்சில்
அவனும் உட்கார்ந்து அண்ணாந்திருப்பானோ.

கடைசி வாய் கெபாப்பை மெல்லும்போது
இருட்டின் மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு.
துப்புரவுக்காரி
நாற்காலிகளை ஒவ்வொன்றாய்
மேசைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.
எல்லாம் காலி.

வீப்கே விரல் விட்டு
எண்ணத் தொடங்கினாள்.